கேள்வி - பதில்: கெட்டி எலும்பும் கிரேக்கப் பெயர்களும்

எலும்பின் உள்ளமைப்பு பற்றியும், அதன் வாயில் நுழையாத பெயர்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எலும்பின் இறுகிய வெளிச்சுவர் பாடநூல்களில் 'கடின எலும்பு', 'கச்சித எலும்பு' என்றெல்லாம் வருவதை இங்கே கெட்டி எலும்பு என்றே எழுதுகிறோம்.

ஆஸ்டியான், லேமெல்லா, லாக்குனா, கனாலிகுலஸ் நான்கையும் மனப்பாடம் செய்தாலும் படம் போடும்போது இடம் மாறிவிடுகிறது. என்ன செய்வது?
*– பிளஸ் ஒன் மாணவி, சங்கரன்கோவில்*

வெளியிலிருந்து உள்ளே வரைகிறீர்கள் என்று நினைக்கிறோம். ஓட்டையிலிருந்து தொடங்குங்கள்.

பப்பாளி இலைக்காம்பு உள்ளே குழலாக இருக்கும், இல்லையா? அப்படிப்பட்ட காம்புகளை நெருக்கிக் கட்டி நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் நடுத்தண்டுச் சுவர் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு காம்பும் ஓர் ஆஸ்டியான். அதன் நடுக்குழல் ஹேவர்சியன் கால்வாய். இதன் அகலம் சுமார் 50 மைக்ரோமீட்டர், உள்ளே நுண்ணிய இரத்தக் குழாயும் நரம்பிழையும் போகும். இந்தக் குழலை முதலில் போடுங்கள்.

அதைச் சுற்றி வளையத்துக்குள் வளையமாக லேமெல்லாக்கள். நான்கு முதல் இருபது வரை இருக்கலாம். ஒன்றின் தடிமன் 3 முதல் 7 மைக்ரோமீட்டர். பக்கத்துப் பக்கத்து வளையங்களில் கொலாஜன் என்ற புரத இழைகள் வேறு வேறு திசையில் சாய்ந்திருக்கும். பிளைவுட் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவது எதற்கோ, இதுவும் அதற்கே. ஓர் ஆஸ்டியானின் மொத்த அகலம் சுமார் 0.2 மி.மீ.; இரண்டு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் தடிமன்.

வளையங்களின் இடையே பூசணி விதை வடிவில் சின்னச் சின்னக் குழிகள், அவைதான் லாக்குனா. குழிக்கு ஒரு எலும்புச் செல். குழியிலிருந்து சிலந்திக் கால்போல எல்லாப் பக்கமும் கிளம்பும் மயிரிழைகள் கனாலிகுலஸ்கள். பாறைபோல் இறுகிய இடத்தில் செல் உயிரோடு இருப்பதே இவற்றால்தான். நடுக் கால்வாயில் வரும் உணவும் ஆக்ஸிஜனும் இந்த இழைவழியே குழிக்குக் குழி கைமாறிப் போகின்றன. ஆஸ்டியான் ஓரளவுக்கு மேல் பருக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: கால்வாயிலிருந்து ரொம்பத் தள்ளிப்போனால் கடைசிக் குழியிலிருக்கும் செல்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு. வட்ட வட்டமாக நாலைந்து ஆஸ்டியான் போட்டுவிட்டு, நடுவில் வரும் சந்துகளை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். எலும்பில் அப்படி வெற்றிடமே கிடையாது. அங்கே இருப்பவை பழைய ஆஸ்டியான்களின் உடைந்த துண்டுகள். வளையத்தின் ஒரு பகுதி மட்டும் மிஞ்சிய வில்போல அவற்றைப் போட வேண்டும். எலும்பின் வெளி விளிம்பில், உறைக்கு அடியில், முழு எலும்பையும் சுற்றி வரும் நீண்ட லேமெல்லாக்களையும் மறக்காதீர்கள்.

இந்த நான்கு பெயர்களில் கிரேக்கம் ஒன்றே ஒன்று: 'ஆஸ்டியான்', அதாவது எலும்பு. மற்ற மூன்றும் லத்தீன். 'லாமினா' தகடு, அதைச் சிறிதாக்கினால் 'லேமெல்லா'. 'லாக்குஸ்' ஏரி, அதிலிருந்து 'லாக்குனா', குட்டை. கடலோரக் காயலைச் சொல்லும் 'லகூன்' இதன் தங்கைதான். 'கனாலிஸ்' வாய்க்கால், 'கனாலிகுலஸ்' வாய்க்காலிலும் சின்னது. ஏரி பெரிதா, வாய்க்கால் பெரிதா என்று யாரும் குழம்புவதில்லை. குட்டையில் மீன் இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும். படத்திலும் குழியில் செல், இழையில் திரவம். இன்னொன்று: 'கனாலிகுலி' என்பதே பன்மை. அதோடு நம் 'கள்' சேர்த்து 'கனாலிகுலிகள்' என்று அச்சிடுவது பன்மைக்கு மேல் பன்மை.

'ஹேவர்சியன்' என்பதற்கு கிரேக்க வேர் என்ன?
*– கல்லூரி மாணவர், காரைக்குடி*

வேரே கிடையாது, அது ஆளின் பெயர். கிளாப்டன் ஹேவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எலும்பைப் பற்றி 1691-இல் வெளியிட்ட நூலில் இந்தத் துளைகளை விவரித்தார். ஆனால் அவற்றில் போவது மஜ்ஜையின் எண்ணெய் என்று நினைத்தார். அவருக்கு முன்பே டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் லென்ஸில் இவற்றைக் கண்டிருந்தார், பெயர் மட்டும் அவருக்குப் போகவில்லை. ஆஸ்டியான்களைக் குறுக்கே இணைத்து, வெளி உறையிலிருந்து இரத்தக் குழாயை உள்ளே கொண்டுவரும் ஃபோல்க்மன் கால்வாயும் இப்படித்தான். ஜெர்மானிய உடலியலாளர் ஒருவரின் பெயர். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேர் உதவாது, படம்தான் உதவும்: ஹேவர்சியன் எலும்பின் நீளவாக்கில், சுற்றிலும் வளையங்களோடு, ஃபோல்க்மன் குறுக்குவாக்கில், வளையங்களைத் துளைத்துக்கொண்டு, தனக்கென வளையமில்லாமல்.

ஆட்டெலும்பைத் தேய்த்து மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்ட முயன்றோம். ஒரு முறை எல்லாம் கறுப்பாகவும், மறுமுறை எல்லாம் கண்ணாடிபோலவும் தெரிந்தது. ஆஸ்டியானைக் காணோம். எங்கே தவறு?
*– உயிரியல் ஆசிரியர், அறந்தாங்கி*

முதல் முறை தடிமன் அதிகம். இரண்டாம் முறை, நீங்கள் பயன்படுத்திய பசை குழிகளுக்குள் இறங்கிவிட்டது. முழுச் செய்முறையையும் சொல்கிறோம்.

முதலில் எலும்பு. மூட்டை விட்டுவிட்டுத் தண்டின் நடுப்பகுதியை வாங்குங்கள். இளங்குட்டியின் எலும்பு வேண்டாம். வேகமாக வளரும் ஆடு மாடுகளின் எலும்பு செங்கல் சுவர் கட்டினாற்போல வரிவரியாகத்தான் இருக்கும், வட்டங்கள் அதிகம் இருக்காது. வயதான விலங்கின் எலும்பென்றால் வட்டங்களுக்கு வாய்ப்பு அதிகம். கோழி எலும்பின் சுவர் மெல்லிசு, இதற்குத் தோதுப்படாது.

மஜ்ஜையைக் குடைந்து எடுத்துவிட்டு, சதையைச் சுரண்டி, சலவைத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரம் ஊற வையுங்கள். தினமும் நீரை மாற்ற வேண்டும். பிறகு துண்டை ஒரு நாள் அசிட்டோனில் போட்டால் மிச்சக் கொழுப்பும் போகும் (காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் பக்கமே போகாமல்). கொழுப்பு மிஞ்சினால் பிறகு மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டுவிடாதீர்கள், அது கொலாஜனைத் தின்றுவிடும். தேய்க்கும்போது சாக்கட்டிபோல உதிரும். நிழலில் ஒரு வாரம் காயட்டும்.

ஆக்ஸா பிளேடால், நீளவாக்குக்குச் சரியாகக் குறுக்காக, 1 முதல் 1.5 மி.மீ. கனத்துக்கு ஒரு வில்லை அறுங்கள். சாய்த்து அறுத்தால் வட்டமெல்லாம் முட்டை வடிவமாகிவிடும். பிளேடை ஈரமாகவே வைத்திருங்கள், முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். எலும்புத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

இனி தேய்ப்பது. பெயின்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்பார்களே, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் அந்தக் கறுப்பு உப்புத்தாள். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து 220, 400, 800, 1200 என்ற வரிசையில் போக வேண்டும். ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் வில்லையையும் விரலையும் நன்றாகக் கழுவுங்கள். முரட்டுத் தாளின் ஒரு துகள் ஒட்டிக்கொண்டு வந்தால்கூட இணைகோடாகக் கீறிவிடும். ஒரு பக்கம் வழவழப்பானதும் மறுபக்கம். வில்லை மெலிந்ததும் விரலால் அழுத்த முடியாது. இன்னொரு உப்புத்தாள் துண்டை ஒரு சிறு கட்டையில் சுற்றி, இரண்டு தாளுக்கும் நடுவில் வில்லையை வைத்துத் தேயுங்கள். எந்திரமில்லாமல் கையாலேயே மெல்லிய வில்லை எடுக்கும் முறையொன்றை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் 1958-இல் வெளியிட்டார். இது அந்த வழியில் வந்ததுதான்.

எவ்வளவு மெலிசு? 50 முதல் 80 மைக்ரோமீட்டர். அளக்கக் கருவி தேவையில்லை. ஏ4 தாள் சுமார் 100 மைக்ரோமீட்டர். தாளை ஒரு விரலிலும் வில்லையை மறு விரலிலும் தொட்டுப் பாருங்கள், தாளைவிட மெலிசாக இருக்க வேண்டும். அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து தடையில்லாமல் படிக்கக் கிடைக்க வேண்டும். இதற்கு முன்பே பொறுமையிழந்து நிறுத்தினால்தான் 'எல்லாம் கறுப்பு'. அடுத்து, மென்மையான பல் துலக்கியால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்புத் தூள் கால்வாய்களை அடைத்துக்கொண்டிருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். ஒற்றுத்தாளில் ஒற்றி, இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவில் வைத்து ஒரு முழு நாள் உலர விடுங்கள். நடுவில் வைக்காவிட்டால் சுருண்டுகொள்ளும்.

முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். உலர்ந்த எலும்பின் குழிகளிலும் இழைகளிலும் காற்று நிரம்பியிருக்கிறது. கீழிருந்து வரும் ஒளியை இந்தக் காற்று சிதறடிப்பதால்தான் அவை கறுப்பாகப் பளிச்சென்று தெரிகின்றன. தண்ணீரோ, கிளிசரினோ, நீர்த்த டி.பி.எக்ஸ். பசையோ விட்டால் அது உள்ளே புகுந்து காற்றை விரட்டிவிடும். பசை ஒளியை வளைப்பதும் எலும்பு வளைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே குழியும் இழையும் கண் முன்னாலேயே மறைந்துபோகும். உங்கள் 'கண்ணாடி' அதுதான். பசையே வேண்டாம். காய்ந்த வில்லையைக் கண்ணாடியில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் மூடி, நான்கு ஓரத்தையும் நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள். பசை போட்டே ஆக வேண்டுமென்றால் தேன்போல் கெட்டியான கனடா பால்சம் போடுங்கள், அது உள்ளே இறங்குமுன் இறுகிவிடும்.

பார்க்கும்போது 10 மடங்கு லென்ஸில் வட்டங்களைத் தேடிப் பிடித்து, பிறகு 40-க்குப் போங்கள். மேடைக்குக் கீழுள்ள ஒளித்திரையைப் பாதிக்கு மேல் மூடுங்கள். முழு வெளிச்சத்தில் இழைகள் கரைந்துவிடும். இதைச் செய்யாமலேயே 'தெரியவில்லை' என்று கைவிடுபவர்கள் நிறைய.

மாணவர்கள் கறுப்புப் புள்ளியைக் காட்டி 'ஆஸ்டியோசைட்' (எலும்புச் செல்) என்று எழுதினால் திருத்துங்கள். செல் எப்போதோ காய்ந்து போயிற்று. தெரிவது அது குடியிருந்த லாக்குனா மட்டும். செல்லையே பார்க்க வேண்டுமானால் எலும்பை அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கி, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்ற வேண்டும். அந்த முறையில் செல் தெரியும், இழைகள் சரியாகத் தெரியாது. இரண்டு வகை வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதே நல்ல பாடம்.

பிளாஸ்ட், கிளாஸ்ட், சைட் மூன்றும் எனக்கு எப்போதும் குழப்பம். கட்டுவது யார், இடிப்பது யார்?
*– நீட் தேர்வுக்குப் படிப்பவர், ஆத்தூர்*

'பிளாஸ்டோஸ்' என்றால் முளை, துளிர். ஆஸ்டியோபிளாஸ்ட் எலும்பைத் துளிர்க்க வைப்பது. 'கிளாஸ்டோஸ்' உடைந்தது; ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பை இடிப்பது. எரிமலை உடைத்துத் துப்பும் கல்லையும் சாம்பலையும் 'பைரோகிளாஸ்டிக்' என்பதும் இந்த வேரில்தான். 'சைட்' வந்தது 'கைட்டோஸ்' என்பதிலிருந்து: வெறும் கலம், பானை. உயிருள்ள செல்லுக்கு 'பானை' என்று ஏன் பெயர் என்று கேட்காதீர்கள். சொல்லை எடுத்து வைத்தவர்களுக்குச் செல் என்றால் சுவர் கட்டிய அறைதான்.

வேர்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விடை சரியாக வரும். மூன்றுக்கும் 'ஆஸ்டியோ' என்ற ஒரே முன்னொட்டு இருப்பதால் மூன்றும் அண்ணன் தம்பி என்று தோன்றும். அப்படியில்லை. பிளாஸ்ட்தான் தான் சுரந்த எலும்பிலேயே சிக்கிக்கொண்டு சைட் ஆகிறது. இரண்டும் ஒரே ஆளின் இரண்டு வயது. கிளாஸ்ட் வேறு வீட்டுப் பிள்ளை: இரத்தத்தின் மோனோசைட் என்ற வெள்ளணு வம்சத்துச் செல்கள் பல ஒன்றுசேர்ந்து உருவாவது, அதனால்தான் ஒன்றிலேயே பல உட்கருக்கள்.

புது ஆஸ்டியான் உருவாகும் விதத்தைப் பார்த்தால் மூன்றும் மறக்காது. கிளாஸ்ட்கள் முன்னணியில் நின்று கெட்டி எலும்பைச் சுரங்கம்போல் குடைந்து முன்னேறும், நாளொன்றுக்குச் சுமார் 40 மைக்ரோமீட்டர். பின்னாலேயே பிளாஸ்ட்கள் வந்து சுரங்கச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு வளையம் பூசி, அதன்மேல் அடுத்த வளையம் பூசி, சில மாதங்களில் நடுவில் கால்வாய் மட்டும் மிஞ்சும்படி அடைத்துவிடும். ஆகவே வெளி வளையம்தான் மூத்தது, கால்வாயை ஒட்டியது இளையது. மரத்தின் ஆண்டு வளையத்துக்கு நேர் எதிர். வளையத்தை எண்ணி வயதைச் சொல்லலாம் என்று சிலர் எழுதுவது தவறு. வயதைக் கணிக்க எண்ணுவது வேறு: முழு ஆஸ்டியான்கள் எத்தனை, உடைந்த துண்டுகள் எத்தனை என்று. பழையதைக் குடைந்து புதியது வர வர, துண்டுகள் பெருகிக்கொண்டே போகும். எல்லிஸ் கெர்லி 1965-இல் இதை ஒரு முறையாக வகுத்தார், தடயவியலில் அது பயன்பட்டு வருகிறது.

ஆஸ்டியோமைலைடிஸ் எலும்பு மஜ்ஜை நோய் என்கிறார்கள். போலியோமைலைடிஸிலும் 'மைலோ' இருக்கிறதே, அதில் மஜ்ஜைக்கு என்ன வேலை?
*– செவிலியர் மாணவி, வவுனியா*

'மைலோஸ்' என்றால் மஜ்ஜை. எலும்புக் குழலுக்குள் மெத்தென்று இருப்பது மஜ்ஜை என்றால், முதுகெலும்புக் குழலுக்குள் மெத்தென்று இருப்பதும் மஜ்ஜைதானே என்று பழைய கிரேக்கர்கள் தண்டுவடத்தையும் அதே சொல்லால் அழைத்தார்கள். அந்தக் குழப்பம் இன்றுவரை மருத்துவமனையில் நடமாடுகிறது. 'போலியோஸ்' சாம்பல் நிறம். ஆக போலியோமைலைடிஸ் தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியில் வரும் அழற்சி. மைலின், மைலோகிராம் எல்லாம் இந்த நரம்புக் கட்சி. மைலோமா, மைலாய்டு லுக்கேமியா, ஆஸ்டியோமைலைடிஸ் எலும்பு மஜ்ஜைக் கட்சி. வார்டில் ஒரு சொல்லைக் கேட்டதும் நோயாளி இருப்பது எந்தப் பிரிவில் என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவே விடை.

உங்கள் இலங்கைப் பக்கத்தில் எலும்பை 'என்பு', 'என்பு முறிவு' என்று எழுதுவதைப் பார்க்க எங்களுக்குப் பொறாமைதான். வள்ளுவர் எழுதிய சொல்லும் அதுவே.

வினிகரில் போட்ட கோழி எலும்பு ரப்பர்போல் வளைகிறதே, எது கரைந்தது?
*– எட்டாம் வகுப்பு மாணவன், மணப்பாறை*

கரைந்தது தாது, மிஞ்சியது கொலாஜன். கெட்டி எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. கடையில் கிடைக்கும் 4 சதவீத வினிகரில், சதை நீக்கிய கோழிக்கால் எலும்பை மூழ்க வைத்து, நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றினால் நாலைந்து நாளில் வளையும். மாற்றாவிட்டால் அமிலம் தீர்ந்துபோய் நடுப்பகுதி விறைப்பாகவே நிற்கும். மூடியை இறுக்க வேண்டாம், தாதுவிலுள்ள கார்பனேட் குமிழியாக வெளியேறும்.

நேர்மாறையும் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்து பார்: இன்னொரு எலும்பை நெருப்பில் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், வடிவம் மாறாமல், தொட்டால் நொறுங்கும் வெள்ளைத் தாது மிஞ்சும்.

'கொல்லா' கிரேக்கத்தில் பசை. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது, அதாவது கொலாஜன். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கிண்ணத்தில் உறைந்து தளும்புவதும் அதே சரக்கு. தாதுவின் பெயரான 'அபடைட்' வேடிக்கையானது: 'அபாட்டே' என்றால் ஏமாற்று. வேறு கனிமங்களைப்போலத் தோன்றிப் பார்ப்பவரை ஏமாற்றியதால் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் 1786-இல் இப்படிப் பெயர் வைத்தார்.

ஆஸ்டியோபோரோசிஸ் என்றால் கெட்டி எலும்பிலும் ஓட்டை விழுமா?
*– ஓய்வுபெற்ற அலுவலர், கோவை*

'போரோஸ்' என்றால் வழி, துளை. கெட்டி எலும்பிலும் துளை பெருகும், ஆனால் கடைசியாக. நம் எலும்புக்கூட்டின் எடையில் 80 சதவீதம் கெட்டி எலும்பு, மீதி துளைதுளையான பஞ்சு எலும்பு. பஞ்சு எலும்புக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் கிளாஸ்ட்களுக்கு உட்கார இடமும் அதிகம். தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். முதுகெலும்பும் மணிக்கட்டும் முதலில் முறிவதற்கு இது காரணம். பிறகு கெட்டிச் சுவரில் ஹேவர்சியன் கால்வாய்கள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, உட்பக்கமிருந்து சுவரே பஞ்சுபோலாகும். இடுப்பு முறிவில் இதற்குப் பங்குண்டு. எலும்பு அடர்த்திப் பரிசோதனை அறிக்கையில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றிருந்தால் இந்தப் பெயரை எழுதுவார்கள். எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியா வேறு நோய்: அங்கே எலும்பின் அளவு குறைவதில்லை, அதில் தாது ஏறுவதில்லை. 'மலாக்கியா' என்றால் மென்மை.

குருத்தெலும்புச் செல் 'கான்ட்ரோசைட்'. மைட்டோகாண்ட்ரியாவிலும் 'காண்ட்ரி' இருக்கிறது. தொடர்பு உண்டா?
*– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தென்காசி*

சொல்லில் உண்டு, பொருளில் இல்லை. 'கான்ட்ரோஸ்' என்பதற்கு தானியக் குறுணை என்றும் குருத்தெலும்பு என்றும் இரு பொருள். கான்ட்ரோசைட் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. மைட்டோகாண்ட்ரியாவில் 'மைட்டோஸ்' நூல், 'கான்ட்ரியான்' சிறு குறுணை: நூலாகவும் குறுணையாகவும் தெரிந்ததற்கு வைத்த பெயர்.